முதலில் நிறுத்துப் பாருங்கள்

கேள்வி:

டாக்டர் அம்மா அவர்களுக்கு,

குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக, அதாவது இலையைத் தூளாக்கும் வேலையை மேற்பார்ப்பவனாக இருக்கிறேன். வயது 44. நான் குடிகாரன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து ஏழு மணிக்கு, நண்பர் ஒருவரின் ஹார்டுவேர் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் நான்கு பேர் கூடுவோம். ஆளுக்கு ஒரு குவார்ட்டர் பிராந்தி, அவ்வளவுதான். ஒன்பதரைக்கு அவரவர் வண்டியில் வீட்டுக்குப் போய்விடுவோம். சத்தம் போட மாட்டோம், அறையில் ஒரு குப்பை இருக்காது. காலி பாட்டில்களைக் கடையின் காவல்காரப் பெரியவர் திருப்பிக் கொடுத்துப் பத்துப் பத்து ரூபாயாக வாங்கிக்கொள்வார்.

முதலில் அங்கே கேரம் ஆடத்தான் கூடினோம். சனிக்கிழமை மட்டும் குடிப்போம். இப்போது வாரத்தில் ஐந்து நாள் ஆகிவிட்டது. கேரம் போர்டு சுவரில் சாய்ந்து கிடக்கிறது. ஞாயிறும் திங்களும் நான் தொடுவதில்லை. கை நடுக்கம் எதுவும் வருவதில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் குடிக்காமலும் இருந்தேன்.

போன மாதம் ரத்த அழுத்தம் 150/96 என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். "குடியைக் குறையுங்கள்" என்றார் டாக்டர். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது; இலை வாடியிருக்கிறதா என்று பார்க்க எழுந்து எழுந்து பழகிய உடம்பு. முன்பெல்லாம் சண்டை போட்ட என் மனைவி இப்போது ஒன்றும் கேட்பதில்லை, வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ ஒரு பொடியைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று என் மைத்துனர் அவளிடம் சொல்லியிருக்கிறாராம்.

நான் முழுவதும் விட வேண்டுமா, குறைத்தால் போதுமா? நண்பர்களைப் பகைத்துக்கொள்ளாமல் எப்படிக் குறைப்பது? மலைக் குளிருக்குக் கொஞ்சமாவது வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் வரும் மனிதர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அந்தக் காவல்காரப் பெரியவர். அவரிடம் பிறகு வருகிறேன்.

நீங்கள் குடிகாரனா இல்லையா என்ற வழக்கை நான் விசாரிக்கப் போவதில்லை. இந்த மலையில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் மனநல மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வந்த ஆண்களில் பெரும்பாலானவர்கள் இந்த வாக்கியத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். மார்க்கெட் வாசலில் விழுந்து கிடப்பவரை அளவுகோலாக வைத்துக்கொண்டால் ஊரில் எல்லோரும் சுகமாகத்தான் இருப்போம். அந்தச் சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் தொழிலில் செய்வதை இங்கேயும் செய்வோம்.

பச்சைத் தேயிலை லாரியிலிருந்து இறங்கியதும் தராசில் ஏறுகிறது. வாடும்போது எவ்வளவு ஈரம் இழந்தது என்று பார்க்கிறீர்கள். நாலரைக் கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் வரவில்லை என்றால் எங்கே போயிற்று என்று தேடுகிறீர்கள். தூளின் ஈரம் மூன்று சதவீதத்தை ஒட்டி நிற்காவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. இப்படி எல்லாவற்றையும் நிறுக்கிற நீங்கள், ஒன்றை மட்டும் நிறுக்காமல் "ஆளுக்கு ஒரு குவார்ட்டர், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதை நான் நிறுத்துச் சொல்கிறேன். பாட்டில் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். அப்படியென்றால் 77 மில்லி சுத்தமான ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் குடிப்பழக்கத்தை மதிப்பிடும்போது பத்து கிராமை ஒரு அளவாக எடுத்துக்கொள்கிறது. நம் ஊர்க் கணக்கில் அது ஒரு ஸ்மால், 30 மில்லி. நீங்கள் ஒன்று என்று எண்ணுவது உண்மையில் ஆறு. வாரத்துக்கு முப்பது, கிராமில் முந்நூறு.

இது அதிகமா குறைவா என்று எதனோடு ஒப்பிடுவது? பிரிட்டனின் தலைமை மருத்துவர்கள் 2016-ல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே வரம்பு வைத்தார்கள். நம் கணக்குக்கு மாற்றினால் வாரத்துக்கு 112 கிராம். இரண்டு குவார்ட்டருக்கும் குறைவு, அதையும் பல நாட்களாகப் பிரித்து. அந்த வரம்பை நீங்கள் புதன்கிழமை இரவே தாண்டிவிடுகிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டது. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று உங்கள் அறையில் யாராவது சொல்வார்கள். அப்படிச் சொன்ன பழைய ஆய்வுகள் பலவற்றில், உடம்பு கெட்டுக் குடியை விட்டவர்களையும் "குடிக்காதவர்கள்" கூட்டத்தில் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். எதிர்த் தட்டில் நோயாளிகளை ஏற்றினால் உங்கள் தட்டு ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

அதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு சோதனை உண்டு. எல்லா மனநல மருத்துவர்களிடமும் இருக்கும். எத்தனை நாள் குடிக்கிறீர்கள், ஒரு நாளில் எத்தனை அளவு, ஒரே அமர்வில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை முறை என்பவை முதல் மூன்று கேள்விகள். மொத்தம் எட்டு மதிப்பெண் வந்தாலே கவனிக்க வேண்டும். உங்களுக்கு முதல் மூன்றிலேயே ஒன்பது வந்துவிடுகிறது. மீதி ஏழைக் கேட்கவே இல்லை.

(பீருக்கு மாறிவிடலாம் என்று தோன்றியிருந்தால் அதையும் நிறுத்துவிடுகிறேன். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில் ஒன்றில் நாற்பது கிராம். நான்கு ஸ்மால்.)

இனி அந்த மூன்று மணி விழிப்பு. கடிதத்தில் நான் பென்சிலால் அடிக்கோடு போட்ட இடம் அது. பாவம், பழியைத் தேயிலையின் மேல் போட்டுவிட்டீர்கள். கல்லீரல் ஆல்கஹாலை மணிக்கு ஏழு முதல் பத்து கிராம்தான் கழிக்கும். சோடா, எலுமிச்சை, மோர், குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ஏழு மணிக்குத் தொடங்கிய அறுபது கிராம் முழுவதும் கழிய விடியற்காலை இரண்டு, மூன்று ஆகும். முதல் பாதி இரவில் மூளையை அழுத்தி வைத்திருந்த பொருள் இறங்கியதும் அமுக்கிய சுருள்கம்பி துள்ளுவதுபோல மூளை விழித்துக்கொள்கிறது; நெஞ்சு படபடக்கும், நா வறளும், காரணமில்லாத கவலை வரும். குடித்தால் நன்றாகத் தூங்குகிறேன் என்பவர்கள் முதல் பாதி இரவை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். குடிக்காத ஞாயிறு, திங்கள் இரவுகளில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று எழுதி வையுங்கள். அந்த நாட்களிலும் மூன்றுக்கே வந்தால் உங்கள் இலையிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றிரண்டு வாரத்தில் தெரியாது. குறைத்த புதிதில் தூக்கம் சற்றுக் கெட்டுப் பிறகுதான் சீராகும்.

வண்டியைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிக் கடக்க முடியாது. சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது. 65 கிலோ எடையுள்ள ஆண், இரண்டரை மணி நேரத்தில் ஒரு குவார்ட்டர் முடித்து எழும்போது ஏறக்குறைய 100 இருக்கும், மூன்று மடங்கு. முதல் முறை பிடிபட்டால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மலைச்சாலை என்றால் எல்லோரும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளைத்தான் பயத்தோடு சொல்வார்கள். என்னிடம் வந்த குடும்பங்கள் சொன்ன விபத்துகளில் பாதிக்கு மேல், வீட்டுக்கு முந்தைய அரைக் கிலோமீட்டரில், தினமும் போகிற தோட்டப் பாதையில் நடந்தவை. மூடுபனியில் பாதையின் குறுக்கே நிற்கும் காட்டெருமை ஹாரனுக்கு நகராது. கரடி இருக்கிறதே, அது நம்மைவிட வேகமாக முடிவெடுக்கும். நிதானமாக இருப்பவருக்கே அந்தப் பாதையில் இரண்டு நொடிதான் கிடைக்கும். குடிக்கிற நாளில் சாவி அறையிலேயே இருக்கட்டும். ஆட்டோ வரட்டும், அல்லது குடிக்காத ஒருவர் கொண்டுபோய் விடட்டும். நடந்து போவதும் தீர்வு இல்லை, கரடிக்கு நடந்து வருபவர் இன்னும் வசதி.

குளிருக்கு வருகிறேன். மலையில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. கேட்டுவிட்டுப் பதிலை நம்புகிற ஆளும் இல்லை. குடித்ததும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே இதயத்தையும் குடலையும் சூடாக வைத்திருக்க வேண்டிய ரத்தம் தோலுக்கு வருகிறது. முகம் சிவக்கிறது, காது சுடுகிறது, கதகதப்பாக இருக்கிறது. அந்தக் கதகதப்பு உங்களை விட்டு வெளியேறுகிற சூடு. ஜன்னலைத் திறந்து வைத்து அடுப்பு மூட்டினால் ஜன்னல் அருகே நிற்பவருக்கு இதமாகத்தான் இருக்கும், வீடு குளிர்ந்துகொண்டே போகும். அதோடு குளிரில் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும் வேலையையும் மது மந்தமாக்கிவிடும். ஜனவரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தா புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் விடியலில், குடித்துவிட்டு வழியில் படுத்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவார்கள். அவர் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்திருப்பார், சூடாக இருந்ததாம். குளிருக்கு வேண்டியது கம்பளி, சூடான சாப்பாடு, சுக்குக் காபி. உலகத்துக்கே தேநீர் அனுப்பும் மலையில் இருந்துகொண்டு சூட்டுக்குப் பிராந்தியைத் தேடுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கும் இடம் அந்த 41 நாள். அதை நீங்கள் ஒரு சான்றிதழ் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நினைத்தால் நிறுத்த முடியும் என்று. முடியும்தான், சந்தேகமில்லை. ஆனால் நான் அதில் வேறு மூன்றைப் பார்க்கிறேன். முதலாவது, அந்த 41 நாளும் நீங்கள் ஒரு முறைகூட மனதோடு மல்லுக்கட்டவில்லை. கழுத்தில் மாலை விழுந்த காலையிலேயே முடிவு முடிந்துவிட்டது; மாலை ஏழு மணிக்கு அதைத் திரும்ப விவாதிக்க இடமில்லை. இரண்டாவது, நண்பர்கள். ஒருவராவது "ஒரு ஸ்மால் மட்டும் சாமி" என்றிருப்பார்களா? இந்த ஊரில் மாலை போட்டவரை யாரும் வற்புறுத்துவதில்லை. தவக்காலத்தில் நாற்பது நாள் விடுகிற கிறிஸ்தவ நண்பர்களையும் அப்படித்தான் விட்டுவிடுகிறோம். அதே நண்பர்கள்தான், அதே அறைதான். உங்களை விட மாட்டார்கள் என்ற பயத்துக்கு அவர்களே அன்றைக்குப் பதில் சொல்லிவிட்டார்கள்: தெளிவாகத் தெரிந்த காரணம் இருந்தால் விட்டுவிடுவார்கள். "பார்க்கலாம்", "குறைக்கலாம் என்று இருக்கிறேன்" என்று இழுத்தால்தான் ஊற்றுவார்கள்.

மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன். மாலையைக் கழற்றிய இரவு என்ன நடந்தது? நாற்பத்திரண்டாவது நாளுக்குத் திட்டம் எதுவும் இல்லாமல் வீடு திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது உங்களுக்கு வேண்டியது அந்த நாற்பத்திரண்டாவது நாளின் ஏற்பாடு.

அதற்கு முன் உங்கள் நேரடிக் கேள்வி: விடுவதா, குறைப்பதா?

150/96 உள்ள ஒருவருக்கு முழுவதும் விடுவதுதான் நல்லது. மருத்துவராக வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் குறைப்பதும் வீண் இல்லை. தினம் ஆறு அளவுக்கு மேல் குடித்தவர்கள் அதைப் பாதியாக்கியபோது, ரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக ஐந்து புள்ளி இறங்கியதை 2017-ல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு ஆய்வு காட்டியது. கல்லீரலில் கொழுப்பு மட்டும் படிந்த நிலையில் இருந்தால் குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே அது கரையத் தொடங்கும். அதனால் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நீங்கள் சும்மா இருப்பதால், குறைத்துப் பார்ப்பதில் ஆபத்து இல்லை.

இதே பதிலைப் படிக்கிற வேறு சிலருக்கு அது பொருந்தாது. தினமும் குடிப்பவர்கள், காலையில் கை நடுங்குகிறவர்கள், நடுக்கம் தீர ஒரு வாய் ஊற்றிக்கொள்கிறவர்கள் யாரும் இதைப் பார்த்துவிட்டுத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுவார்கள், வராத ஆளோடு பேசுவார்கள். வீட்டில் பேய் என்று நினைத்துக் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். அந்தப் பயணத்தில் போகிற நேரம் சில சமயம் உயிருக்கு விலையாகிறது. அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இது கிடைக்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை.

இனி ஏற்பாடு. முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள், வண்டியைத் தவிர. குடித்ததை மட்டும் எழுதுங்கள்: தேதி, மில்லி, எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு விழித்தீர்கள். தொழிற்சாலைப் பதிவேட்டைப் போல, அன்றன்றைக்கு. கண்ணால் ஊற்றுவதை நம்பாதீர்கள். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி போதும். நிறுத்துப் பார்த்தவர்களில் பலர், நான் ஒன்றும் சொல்லாமலே மூன்றாம் வாரம் குறைவாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து, குடிக்கிற நாட்கள் இரண்டு. எந்த இரண்டு என்று ஞாயிற்றுக்கிழமையே முடிவாகிவிட வேண்டும், மாலை போட்ட காலை மாதிரி. குடிக்கிற நாளில் 90 மில்லி. இதற்கு நம் ஊர்க்காரர்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பிரித்துக்கொள்வது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இப்போது உங்கள் அளவைத் தீர்மானிப்பது தாகம் இல்லை, நண்பர்களும் இல்லை, பாட்டில். திறந்த பாட்டிலை மூடி வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் நம்மிடம் கிடையாது; 180 மில்லி வாங்கினால் 180 மில்லி உள்ளே போகும். நான்கு பேருக்கு நான்கு பாட்டில் என்ற கணக்கு உடைந்தால்தான் உங்கள் கணக்கு மாறும். வாரம் 60 கிராமுக்கு வந்துவிடுவீர்கள், இப்போது இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு.

அறைக்குப் போவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பகல் முழுக்க இயந்திரச் சத்தத்தில் நிற்கும் மனிதருக்கு நாலு பேர் முகம் பார்த்துப் பேசுகிற இடம் வேண்டும். அதைப் பிடுங்கிவிட்டு "நடைப்பயிற்சி போங்கள்" என்று சீட்டு எழுதும் மருத்துவர்களை எனக்குப் பிடிக்காது. ஐந்து நாளும் போங்கள். போவதற்கு முன் ஆறு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நாலு வர்க்கியும் டீயும் என்றாலும் சரி, வெறும் வயிறு வேண்டாம். எட்டு மணிக்கு முன் தொடங்காதீர்கள். அதுவரை கையில் ஏதாவது ஒரு கிளாஸ் இருக்கட்டும், சோடாவோ சுக்குக் காபியோ. காலிக் கையோடு இருப்பவருக்குத்தான் முதலில் ஊற்றுவார்கள். அந்தக் கேரம் போர்டை இறக்கித் துடைத்துப் பவுடர் போடுங்கள். ஸ்ட்ரைக்கரைக் குறிபார்க்கும் விரலுக்குக் கிளாஸ் இடைஞ்சல்.

பணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. நால்வரும் சேர்ந்து போடும் பணத்தில் பாட்டிலுக்கும் உங்கள் பங்கைக் கொடுத்துவிட்டால், கொடுத்ததற்காகவே குடிக்கத் தோன்றும். அவர்களுக்கும் ஊற்றாவிட்டால் மனது கேட்காது. குடிக்காத நாளில் மிக்சருக்கும் முட்டைக்கும் மட்டும் கொடுங்கள், தாராளமாகவே கொடுங்கள்.

நால்வரிடமும் ஒரே நேரத்தில் அறிவிக்காதீர்கள். கூட்டத்தில் சொன்னால் கேலியாகத்தான் முடியும். உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் பகலில், தனியாக, டீக்கடையில் சொல்லுங்கள். அவருக்கும் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருக்கலாம். யாராவது முதலில் ஆரம்பித்தால் நன்றாக இருக்கும் என்று அவரும் காத்திருக்கலாம். குவார்ட்டரைப் பிரிக்க உங்களுக்கு ஒரு பங்காளியும் வேண்டுமே. அறையில் சொல்லும்போது நீட்ட வேண்டாம். "பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வாரம் இரண்டு நாள், அதுவும் பாதி. ஆட்டத்துக்குத் தினமும் வருவேன்." இவ்வளவு போதும். மஞ்சள் காமாலை என்று பொய் சொல்லாதீர்கள். காமாலை ஒரு நாள் குணமாகிவிடும், அன்றைக்கு என்ன சொல்வீர்கள்? "ஒரு நாளில் என்ன ஆகிவிடும்?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். "ஒன்றும் ஆகாது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காயை அடியுங்கள். விளக்கம் கொடுத்தால் விவாதம் வரும்; ஏழரை மணி விவாதத்தில் குடிக்காதவர் ஜெயித்து நான் பார்த்ததில்லை. கேலி இரண்டு, மூன்று வாரம் இருக்கும்.

கல்யாணம், துக்க வீடு, தீபாவளி போனஸ் வாரம், மே மாதச் சீசனில் சமவெளியிலிருந்து வரும் உறவினர் கூட்டம் ஆகியவற்றில் கணக்குத் தவறும். தவறினால் எவ்வளவு என்று எழுதிவிட்டு அடுத்த நாள் பழைய ஏற்பாட்டுக்கே வாருங்கள். ஒரு நாள் தவறியதற்காக ஒரு மாதத்தையே கைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எட்டு வாரம் கழித்து நோட்டைப் பாருங்கள். வைத்த வரம்பில் நின்றிருந்தால் அடுத்து என்ன என்று யோசிக்கலாம். பலர் அந்த இடத்தில் இரண்டு நாளை ஒன்றாக்கிவிடுகிறார்கள், பிறகு அதுவும் மறந்துபோகிறது. நிற்கவில்லை என்றால், ஒவ்வொரு முறையும் 90 மில்லி 180 ஆகிவிட்டது என்றால், உங்களுக்குக் குறைப்பது முழுவதும் விடுவதைவிடக் கடினம் என்று அர்த்தம். அப்போது நிறுத்திப் பாருங்கள். குடிக்கும் ஆசையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன; கல்லீரலைச் சோதித்து, மருத்துவர் சீட்டோடு எடுக்க வேண்டியவை. அதற்காக வருவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிரஷருக்கு மாத்திரை வாங்கும்போது வெட்கப்பட்டீர்களா?

மைத்துனரின் பொடிக்கு என் பதில்: கூடவே கூடாது. அப்படி ரகசியமாகக் கலக்கப்படும் பொடிகளில் டைசல்ஃபிராம் இருப்பதுண்டு. அது தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய நல்ல மருந்து. உள்ளே அது இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இதயம் தறிகெட்டு அடித்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற உங்களுக்கு அது விளையாட்டு இல்லை. மைத்துனரை வில்லனாக நினைக்க வேண்டாம். தங்கை அழுததைப் பார்த்திருப்பார், கையில் கிடைத்ததைச் சொல்லியிருப்பார்.

உங்கள் மனைவி அழுதிருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒன்றும் கேட்காதவர் பொடியைப் பற்றி ஏன் பேசப் போகிறார்? இந்தக் கேள்வி பதிலுக்கு வரும் கடிதங்களில் குடியைப் பற்றியவை பெரும்பாலும் மனைவிமார் எழுதுவது. சண்டை போடுகிற காலத்தில் அவர்கள் எழுதுவதில்லை. சண்டையை நிறுத்திய பிறகுதான் எழுதுகிறார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வதாக ஒருவர் எழுதியிருந்தார். அவர் கணவரைக் கேட்டால் அவரும் வீடு அமைதியாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார். நீங்கள் வீட்டில் சத்தியம் எதுவும் செய்ய வேண்டாம், தலையில் அடித்துச் சொன்னவற்றை அவர்கள் நிறையக் கேட்டிருப்பார்கள். நோட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். எந்த இரண்டு நாள் என்று ஞாயிறன்று சொல்லுங்கள். அவர் உடனே மகிழ்ந்துவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒன்றிரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் சண்டைக்கு வருவார். நல்ல அறிகுறி, வரட்டும்.

தொழிலைப் பற்றி ஒன்று. நீங்கள் வாழ்வதே மூக்காலும் நாக்காலும். கோப்பையை உறிஞ்சித் துப்பி, இந்த வாரத் தூளில் என்ன குறை என்று சொல்ல வேண்டியவர். முந்தைய இரவின் பிராந்தியும் புகையும் படிந்த நாக்கில் அது எவ்வளவு தெரிகிறது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த ஞானம் கிடையாது. குடிக்காத இரவுக்குப் பிறகு வரும் செவ்வாய்க்கிழமைக் காலை கோப்பையையும் சனிக்கிழமைக் காலை கோப்பையையும் ஒப்பிட்டு நீங்களே எழுதிப் பாருங்கள்.

ரத்த அழுத்தம் இறங்கினால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கொடுத்தவரிடம் நோட்டோடு போய்க் காட்டுங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் எட்டு வாரம் காத்திருக்காமல் உடனே போங்கள்.

கடைசியாகக் காவல்காரப் பெரியவர். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற ஏற்பாடு, காடும் ஓடையும் கண்ணாடியால் நிறைகிறது என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2022-ல் நம் நீலகிரியில்தான் முதலில் வந்தது. அதனால் உங்கள் அறையின் சரியான கணக்கு ஒருவரிடம் இருக்கிறது. உங்கள் நினைவில் வாரம் ஐந்து நாள் என்று இருக்கிறதே, அது ஐந்துதானா என்று அவரிடம் கேளுங்கள். பத்து ரூபாய் எண்ணி வாங்குகிறவர் தப்பாகச் சொல்ல மாட்டார். நீங்கள் குறைக்கத் தொடங்கினால் அவருக்கு வாரம் நாற்பது ரூபாய் நஷ்டம். அதை மட்டும் மறக்காமல் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.